நாலு குழி வீடு

புதுச்சேரி,
13-7-1958

அன்புள்ள செல்வாம்பாளுக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். நீயும் அத்தையும் சுகம் என்று ஒரு வரி வந்தால் நிம்மதி. விழுப்புரத்தில் வண்டி மாறும்போது நீ கட்டிக் கொடுத்த புளிச்சாதத்தைப் பிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் ஊறுகாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்துவிட்டேன்.

கல்லூரியில் என்னை நூலகத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். பாதிப் புத்தகம் பிரெஞ்சு, பாதி இங்கிலீஷ். படிக்க வருகிற பையன்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. அலமாரியைப் பார்த்துக்கொள்ளும் பழைய ஆளுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நான் கிடந்து அல்லாடுகிறேன்.

இப்போதைக்கு அரியாங்குப்பத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறேன். சைக்கிளில் ஆற்றுப்பாலம் தாண்டி வந்து போகிறேன். அண்ணன் பிள்ளைகள் நடைவழி வரை படுத்துக்கொள்வதால் எனக்கு வாசற்படிக்குப் பக்கத்தில்தான் பாய். அண்ணி கேட்டார்கள், "எப்ப தம்பி பொண்டாட்டிய இட்டுக்கினு வரப்போற?" வீடு பார்த்துவிட்டு என்றேன். வாடகைக்கு வீடே இல்லை. கல்லூரி வந்ததும் வந்தது, வெளியூர்ப் பையன்கள் ஓர் அறைக்கு ஐந்து பேராகச் சேர்ந்து எல்லாவற்றையும் பிடித்துவிட்டார்கள். என் பங்கு நிலத்தை அண்ணனே விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். அதை வைத்துச் சொந்தமாகவே ஒரு வீடு பார்க்கலாம் என்று எண்ணம்.

அத்தைக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
குமாரவேல்


கோட்டுச்சேரி, காரைக்கால்,
20-7-1958

அத்தானுக்குச் செல்வாம்பாள் வணக்கம்.

நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி போய், இப்போது என்மேல் கோபம் மட்டும்தான் இருக்கிறது. அங்கே உங்கள் உடம்பு எப்படி? வாசற்படியில் படுத்தால் காற்று ஆகாது. போர்த்திக்கொள்ளுங்கள். என் ஊறுகாயை ஊர் பேர் தெரியாதவருக்குத் தானம் செய்ததற்கு நேரில்தான் கணக்குக் கேட்கவேண்டும்.

சாயங்காலம் எகோலில் பாடம் முடித்து வரும்போது தெருமுனையில் சைக்கிள் மணி கேட்கிறது. திரும்பிப் பார்த்தால் தபால்காரர். பாவம், நல்ல மனிதர். இந்த மாதம் அவரைக் கண்டாலே எரிச்சலாக வருகிறது. நீங்கள் போன பிறகு வீட்டில் காபி இரண்டு வேளை மிஞ்சியது. பிறகு அளவைக் குறைத்துக்கொண்டோம். அளவைக் குறைத்த அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "நீ எப்பம்மா கிளம்புறே? சொன்னாத்தானே நான் வேற ஆள் பாக்க முடியும்" என்றார்கள். "அவங்க எழுதலையே" என்றேன். உங்கள் கடிதத்தில் நூலகம் இருந்தது, அண்ணி இருந்தார்கள், வாடகை இருந்தது. ஒன்று மட்டும் இல்லை. அது என்ன என்று நானாகச் சொல்லமாட்டேன்.

வீட்டை நன்றாகப் பார்த்து வாங்குங்கள். அண்ணன், அண்ணி, பிள்ளைகளை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள்,
செல்வாம்பாள்


புதுச்சேரி,
17-8-1958

அன்புள்ள செல்வாம்பாளுக்கு,

சுகம். அவ்விடத்துச் சுகத்துக்கு எழுது. போர்த்திக்கொண்டுதான் படுக்கிறேன்.

வீடு அகப்பட்டுவிட்டது. முத்தியால்பேட்டை போகிற சாலையை ஒட்டி ஒரு சந்து. வீட்டுக்காரர் சைகோனில் இருக்கும் மகனிடம் போகிறார். அதனால்தான் விற்கிறார். முன்னால் ஒரு கூடம், இரண்டு அறை, பின்னால் தாழ்வாரம். தாழ்வாரத்தில் நீலச் சாயம் அடித்த பெரிய ஜன்னல். வெள்ளைக்காரர் வீடுகளில் இருக்குமே, பட்டை பட்டையாக மரம் வைத்து, அந்த மாதிரி. திறந்தால் கிணறு. கிணற்றடியில் ஒரு கொய்யா மரம். அந்த ஜன்னலோரம் மேசை போட்டால் பிள்ளைகளின் நோட்டுத் திருத்த வெளிச்சம் போதும்.

எல்லாம் சேர்த்து நாலு குழி! தரகர் பாவாடை, "சார், டவுனை ஒட்டி நாலு குழி சார், நாளைக்கி இருக்காது. காலேஜ் புள்ளைங்களுக்கு மெஸ் போடணும்னு ஒருத்தங்க சுத்திச் சுத்தி வந்துக்கினு இருக்காங்க" என்று அவசரப்படுத்துகிறார். எனக்கும் விட மனசில்லை. எங்கள் வீட்டில் யாரும் ஊருக்குள் நாலு குழி வாங்கியதில்லை.

நொத்தேரிடம் போய்ப் பத்திரம் எழுதுமுன் உன் அபிப்பிராயம் தெரியவேண்டும். உனக்குப் பிடித்தால்தான். உடனே எழுது.

அத்தைக்கு வணக்கம்.

இப்படிக்கு,
குமாரவேல்


கோட்டுச்சேரி,
22-8-1958

அத்தானுக்குச் செல்வாம்பாள் வணக்கம்.

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நாலு குழி என்ற இடத்தில் அம்மா, "என்னடி, சாமி ரூமை மட்டும் விலை பேசியிருக்காரா?" என்று கேட்டாள். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்துவிட்டது.

நாலு குழியில் கூடம், இரண்டு அறை, தாழ்வாரம், கிணறு, கொய்யா மரம் எல்லாம் இருக்கிறதாமே! கிணறு என்ன, செம்பு அகலமா? கொய்யா மரத்தைத் தொட்டியில் வைத்திருக்கிறார்களா? நீங்கள் கூடத்தில் கால் நீட்டினால் நான் கிணற்றில்தான் நிற்கவேண்டும். எங்கள் களத்தில் நெல் காயும்போது காக்கை விரட்ட நான் உட்காருவேனே, அந்த மூலையே நாலு குழி இருக்கும். தரகர் யாரோ உங்களைப் பச்சைப் பிள்ளை என்று நினைத்துக் கோழிக்கூண்டைத் தலையில் கட்டப் பார்க்கிறார். மெஸ் வைக்கிறவர்களே வாங்கிக்கொள்ளட்டும். சாமான் வைக்கவாவது ஆகும்.

வேறு பாருங்கள். உங்களைத்தான் நம்பியிருக்கிறேன். சீக்கிரம் பாருங்கள்.

உங்கள்,
செல்வாம்பாள்


புதுச்சேரி,
15-9-1958

செல்வாம்பாளுக்கு,

சுகம். உன் கடிதம் கிடைத்தது. அந்த வீட்டை விட்டுவிட்டேன். மெஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கல்லூரியில் வேலை அதிகம். தீபாவளிக்கு வருவது கஷ்டம். அத்தையின் உடம்பைப் பார்த்துக்கொள்.

குமாரவேல்


கோட்டுச்சேரி,
23-11-1958

அத்தானுக்குச் செல்வாம்பாள் வணக்கம்.

நாங்கள் சுகம். நீங்கள் சுகமா என்று இரண்டு மாதமாகக் கேட்கவில்லை. வேண்டுமென்றேதான் கேட்கவில்லை. மூன்று வரியில் கடிதம் போட்டால் நானும் மௌனமாக இருப்பேன் என்று காட்ட நினைத்தேன். காட்டி முடித்தாயிற்று. எனக்குத்தான் தூக்கம் கெட்டது.

தீபாவளி அன்று உங்கள் வேட்டியை மஞ்சள் வைத்து அம்மா பலகையில் வைத்தாள். மாலை வரை அங்கேயே இருந்தது. பிறகு நான் எடுத்துப் பெட்டியில் வைத்தேன்.

வேறு வீடு பார்த்தீர்களா? ஒரு வீட்டை வேண்டாம் என்றால் அடுத்ததை எழுதுவீர்கள், அதையும் கேலி செய்யலாம், அதற்கடுத்ததில் வந்து சேரலாம் என்றிருந்தேன். நீங்கள் சண்டைகூடப் போடவில்லை. உங்களுக்கும் அவ்வளவு அவசரம் இல்லை போலிருக்கிறது. மத்தியானம் எங்கே சாப்பிடுகிறீர்கள்? அதையாவது எழுதுங்கள்.

செல்வாம்பாள்


புதுச்சேரி,
14-12-1958

அன்புள்ள செல்வாம்பாளுக்கு,

சுகம். இங்கே மழை விட்டுவிட்டது. அங்கே வாய்க்கால் உடைந்ததாகக் கேள்விப்பட்டேன். ஜாக்கிரதை.

மத்தியானம் ஒரு மெஸ்ஸில் சாப்பிடுகிறேன். நடத்துவது அன்னக்கிளி என்று ஒரு அம்மாள். பையன்கள் கூட்டம் முன்னால் இருக்கும். நான் பின்பக்கம் ஜன்னலோரமாக உட்கார்ந்துவிடுவேன். சாம்பார் உன் கைப்பக்குவம் இல்லை. குறையும் இல்லை. கிளம்பும்போது அந்த அம்மாள், "சாரு, கொய்யா உதிர்ந்து கெடக்குது, ஒண்ணு எடுத்துக்கினு போங்க" என்பார்கள். சில நாள் எடுத்துக்கொள்வேன்.

வீடு இப்போது அமையவில்லை. விலை ஏறிவிட்டது. பொங்கலுக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
குமாரவேல்


கோட்டுச்சேரி,
8-3-1959

அத்தானுக்குச் செல்வாம்பாள் வணக்கம்.

நாங்கள் சுகம். உங்கள் சுகம் ஒன்றே எனக்கு இப்போது கேட்கத் தெரிந்தது. மற்றதைக் கேட்க வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கத்தான் போகிறேன்.

பொங்கலுக்கு வந்து இரண்டு நாள் இருந்தீர்கள். வீடு நிறைய உறவுக்காரர்கள். வீட்டைப் பற்றி நீங்களும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. ரயிலடியில் "உடம்பைப் பார்த்துக்கொள்" என்றீர்கள். "சரி" என்றேன். அதைச் சொல்லவா அவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று வண்டி போன பிறகு பொருமினேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் எகோலுக்கு இந்த மாதம் பாகூரிலிருந்து ஒரு டீச்சர் மாற்றலாகி வந்திருக்கிறார்கள். ஆயம்மா என்று பெயர். முந்தாநாள் நான் நாலாம் வகுப்புக்கு நில அளவைக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். கரும்பலகையில், ஒரு குழிக்கு நூற்று நாற்பத்து நாலு சதுர அடி என்று எழுதியிருந்தேன். எங்கள் பக்கத்தில் நிலம் அளக்கிற கோல் பன்னிரண்டு அடி. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு ஒரு குழி. இதைத்தான் நானும் படித்தேன், என் அம்மாவும் படித்தாள்.

ஜன்னலுக்கு வெளியே போன ஆயம்மா டீச்சர் நின்றுவிட்டார்கள். "இன்னா டீச்சர், குழிய இம்மாத்தூண்டு ஆக்கிட்டீங்க? ஐநூத்தி எழுவத்தாறு அடி இல்ல?"

"எந்த ஊர்க் கணக்கு அது?" என்றேன் மிடுக்காக.

"பாண்டிக் கணக்கு. எங்க கோலு இருவத்தி நாலு அடி. அங்க ஒரு குழி வாங்கினா ஒரு குடும்பம் குடியிருக்கலாமே."

பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டன. ஒரு வாண்டு எழுந்து, "டீச்சர், எது சரி?" என்று கேட்டது. "ரெண்டும் சரிதான், அவங்க அவங்க ஊர்ல" என்றேன். சொல்லி முடித்ததும் பலகை ஓரத்தில் நாலை நாலால் பெருக்கிப் பார்த்தேன்.

அத்தான், உங்கள் நாலு குழி எங்கள் கணக்கில் பதினாறு குழி! கூடமும் இரண்டு அறையும் கிணறும் கொய்யாவும் தாராளமாக நிற்கும். நீங்கள் ஆசை ஆசையாக எழுதிய வீட்டை நான் கோழிக்கூண்டு என்றேன். கணக்கு டீச்சர் நான். எந்தக் கோல் என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. கேலி செய்யும் குஷியில் இருந்தேன். நீங்களாவது "ஏண்டி, உனக்கென்ன பைத்தியமா" என்று எழுதியிருக்கக் கூடாதா?

அந்த வீடு இப்போது யாரிடம் இருக்கிறது? திரும்பக் கிடைக்குமா? எதுவானாலும் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

செல்வாம்பாள்


புதுச்சேரி,
29-3-1959

அன்புள்ள செல்வாவுக்கு,

சுகமாக இருக்கிறேன். உன் கடிதம் வந்து நாளாகிறது. பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

உங்கள் கோல் பன்னிரண்டு அடி என்று எனக்கு எப்படித் தெரியும்? அங்கே இரண்டு வருஷம் இருந்தேன். உங்கள் களத்தில் நடந்திருக்கிறேன். யாரும் என் முன்னால் குழிக் கணக்குப் பேசவில்லை. பேசினால் என் பங்கு நிலம் எவ்வளவு என்று கேட்பார்களோ என்று நானும் அந்தப் பேச்சு வந்தால் நகர்ந்துவிடுவேன். அதனால் நீ எழுதியதை அப்படியே எடுத்துக்கொண்டேன். நாலு குழி வீடு உனக்குக் களத்து மூலை மாதிரி இருக்கிறது, இதற்குமேல் வாங்க எனக்கு வக்கில்லை, அதனால் உனக்கு வர விருப்பமில்லை என்பதை நோகாமல் சிரிப்பாகச் சொல்கிறாய் என்று நினைத்தேன். நினைத்தபிறகு என்ன சண்டை போடுவது?

அந்த வீடு திரும்பக் கிடைக்காது. அது அன்னக்கிளி அம்மாளின் மெஸ்.

ஆமாம், அங்கேதான் தினமும் சாப்பிடுகிறேன். கல்லூரிக்கு எதிரிலேயே வேறு மெஸ் இருக்கிறது. சாப்பாடும் அங்கேதான் நன்றாக இருக்கும். ஆனால் கால் இங்கே வந்துவிடுகிறது. உன் மேசைக்கு என்று நான் பார்த்துவைத்த ஜன்னலுக்குக் கீழே இப்போது பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அதில் உட்காருவேன். வெளிச்சம் நான் சொன்ன மாதிரியே நன்றாகத்தான் விழுகிறது. பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் எப்போதும் காலியாக இருக்கும். பையன்கள் யாராவது வந்து உட்கார்ந்தால் எனக்குச் சோறு இறங்காது.

நிரந்தர வேலையில் இருக்கிறவளைப் பிடித்து, எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளம்பு என்று சொல்ல என்னிடம் என்ன இருக்கிறது? வீட்டை வாங்கிவிட்டால் அந்த வீடே உன்னைக் கூப்பிடும் என்று நினைத்தேன். அதனால்தான் ஜன்னலை அவ்வளவு விவரமாக எழுதினேன்.

அத்தைக்கு வணக்கம்.

குமாரவேல்


கோட்டுச்சேரி,
5-4-1959

அத்தானுக்கு,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. அம்மா சுகம். நான் நேற்று முழுக்க அழுதேன். இன்று உங்கள்மேல் கோபமாக இருக்கிறேன்.

டிசம்பரில் வந்த கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். ஜன்னலோரம் என்று எழுதியிருக்கிறீர்கள். கொய்யா என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகஸ்டு கடிதத்திலும் அதே ஜன்னல், அதே கொய்யா. இரண்டையும் வரி வரியாகப் படித்தவள் நான். ஒன்றோடு ஒன்றை வைத்துப் பார்க்காமல் போனேனே. நான் உட்காரவேண்டிய இடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு அத்தனை நாள் தனியாகச் சாப்பிட்டிருக்கிறீர்கள். நான் இங்கே மிஞ்சின காபிக்கு அழுதுகொண்டிருந்தேன்.

வீடு கூப்பிடும் என்று யார் உங்களுக்குச் சொன்னது? ஜன்னல் கூப்பிடுமா? கொய்யா மரம் கூப்பிடுமா? வேலையை விடுவதா, மாற்றல் கேட்பதா என்பது என் கவலை. பாண்டியில் பெண் பிள்ளைகள் கணக்குப் படிக்காமலா இருக்கிறார்கள்? இந்த ஒன்பது மாதத்தில் எனக்குக் குழி எழுதினீர்கள், கூடம் எழுதினீர்கள், சாம்பார்கூட எழுதினீர்கள். ஒரு தடவையாவது "வா" என்று எழுதினீர்களா? ஓரெழுத்து அத்தான். அதைத்தான் நான் போன ஜூலையில் காணோம் என்றேன்.

பெரிய வீடு எனக்கு வேண்டாம். நான் கேலி செய்ததெல்லாம் வாய்க் கொழுப்பு. உங்களோடு இருக்கவேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரிகிறது.

செல்வா


புதுச்சேரி,
26-4-1959

என் செல்வாவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கே பாவாடையைத் தேடிப் போனேன். என்னைப் பார்த்ததும், "உங்க வீட்டுக்காரம்மா இந்தத் தபா இன்னா சொல்லுவாங்களோ, மொதல்ல கேட்டுக்கினு வாங்க சார்" என்றார். கேட்டாயிற்று என்றேன்.

விலை ஏறிப்போன ஊரில் என் சக்திக்கு ஒன்றுதான் அகப்பட்டது. மெஸ் இருக்கும் சந்திலேயே கடைசி வீடு. ஓர் அறை, அதை ஒட்டிச் சமையலுக்கு இடம், பின்னால் துளி முற்றம். கிணறு இல்லை. அன்னக்கிளி அம்மாள், "நம்ம கெணத்துலயே எடுத்துக்கங்க, இன்னாத்துக்குக் கேக்குறீங்க" என்று சொல்லிவிட்டார்கள். ஜன்னல் சின்னது. நீலச் சாயம் நானே அடித்தேன். விரலெல்லாம் இன்னும் நீலம்.

இந்தத் தடவை அளவைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். எங்கள் கோலுக்கு ஒரே ஒரு குழி. உங்கள் கோலுக்குச் சரியாக நாலு. நீயும் அத்தையும் விக்கல் எடுக்கச் சிரித்தீர்களே, அதே நாலு குழி. பார்த்ததும் எனக்கே சிரிப்பு வந்தது. உன் பேச்சுப் பலித்துவிட்டது. நான் கால் நீட்டினால் நீ முற்றத்தில்தான் நிற்கவேண்டும்.

நீட்டமாட்டேன். வா.

குமாரவேல்


கோட்டுச்சேரி,
1-5-1959

அத்தானுக்கு,

அம்மா சுகம். நான் ரொம்ப சுகம்.

கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நாலு குழி என்ற இடத்தில் இந்தத் தடவை அம்மா சிரிக்கவில்லை. "அப்ப பெரிய பெட்டி வேணாம், சின்னதை எடுத்துக்க" என்றாள். உள்ளே போய் உங்கள் தீபாவளி வேட்டியை எடுத்துவந்து முதலில் அதைத்தான் வைத்தாள். பிறகு ஊறுகாய் ஜாடி. அதை வழியில் யார் பார்த்தாலும் கொடுக்கப்போவதில்லை.

பெரிய டீச்சர் பாண்டிக்கு மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறார்கள். கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் உங்கள் சந்தில் எனக்கு நாலு பிள்ளைகள் அகப்படாமலா போவார்கள். குழிக் கணக்கு மட்டும் ஆயம்மா டீச்சரிடம் புதிதாகப் படித்துக்கொண்டுவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வண்டியில் வருகிறேன். அன்று மத்தியானம் மெஸ்ஸில் சாப்பிடாதீர்கள். இல்லை, சாப்பிடுவோம். அந்தப் பெஞ்சில் என் இடத்தை மட்டும் யாருக்கும் விடவேண்டாம்.

இதற்குப் பதில் போடாதீர்கள். வாங்கிப் படிக்க இங்கே நான் இருக்கமாட்டேன்.

செல்வா